வாயில்லா ஜீவனுக்கும் வலி உண்டு
சவாரிக் குதிரையின் நோவு, ஓய்வு, தீனி பற்றிச் சில செய்திகள்

'கொள்ளு என்றால் வாயைத் திறக்குமாம். கடிவாளம் என்றால் வாயை மூடுமாம்' என்று குதிரையைப் பற்றி நம் முன்னோர் ஒரு பழமொழி சொல்லி வைத்தார்கள். வேலைக்குப் பின்வாங்கிச் சாப்பாட்டுக்கு முந்துகிறவனைக் குத்திக் காட்ட இன்றும் நாம் இதைச் சொல்கிறோம். ஆனால், வாசகப் பெருமக்களே, குதிரையின் பக்கம் நின்று இந்தப் பழமொழியைச் சற்று யோசித்துப் பாருங்கள். கடிவாளத்தைக் கண்டதும் அது ஏன் வாயை மூடிக் கொள்கிறது?

குதிரையின் கடைவாய்ப் பற்கள் ஆண்டுக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை ஈறிலிருந்து வெளியே வந்துகொண்டே இருக்கும். மெல்ல மெல்ல அவை தேய வேண்டும். மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகலமானது. அதனால் பற்கள் ஒரே சீராகத் தேய்வதில்லை. மேற்பற்களின் வெளி ஓரத்திலும் கீழ்ப்பற்களின் உள் ஓரத்திலும் கத்தி முனைபோல் கூர் ஏறிவிடும். அந்தக் கூர் கன்னத்தையும் நாக்கையும் கிழிக்கும். புண்பட்ட அந்த வாய்க்குள்தான் நாம் இரும்பைத் திணிக்கிறோம். 'திமிர் பிடித்த குதிரை' என்று பெயர் வாங்கிய பல குதிரைகளுக்கு உண்மையில் இருந்தது பல்வலி. ஆண்டுக்கு ஒரு முறையாவது பற்களைப் பார்த்து அரம் போட்டுவிட்டால், அந்தத் திமிர் தானாகவே போய்விடும்.

குதிரைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். சபாவில் கோத்தா பெலுட் வட்டாரத்துப் பஜாவ் மக்கள் குதிரையேற்றத்திற்குப் பெயர் பெற்றவர்கள். நம் கடற்கரைகளிலும் சவாரிக் கழகங்களிலும் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் குதிரைகளைக் காண்கிறோம். அவற்றில் பல ஒரு காலத்தில் பந்தயம் ஓடியவை. 1842-ஆம் ஆண்டில் தொடங்கிய சிங்கப்பூர்ப் பந்தயக் கழகத்தின் கடைசிப் பந்தயம் 2024 அக்டோபர் 5-ஆம் நாள் ஓடி முடிந்தது. பந்தயம் நின்றாலும் குதிரையின் வயிறு நிற்பதில்லை; பழைய காயங்களும் மறைவதில்லை. அவற்றைக் குளிப்பாட்டி, தீனி போட்டு, லாயத்தைக் கூட்டிப் பெருக்கும் 'சைஸ்' வேலையில் நம்மவர்களும் இருந்திருக்கிறார்கள், இருக்கிறார்கள். அவர்களுக்கும், குதிரையேறக் கற்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கும் பயன்படட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

வலியை எப்படிக் கண்டுகொள்வது?

நாய்க்கு அடிபட்டால் கத்தும். குதிரை பெரும்பாலும் கத்தாது. காட்டில் புலிக்கும் ஓநாய்க்கும் இரையாக இருந்த இனம் அது. நொண்டுவது தெரிந்தால் முதலில் பிடிபடுவது அதுதான். ஆகவே, வலியை மறைப்பது அதன் பிறவிக் குணமாகிவிட்டது.

இருந்தாலும் முகம் காட்டிக் கொடுத்துவிடும். அறுவை மருத்துவம் செய்யப்பட்ட குதிரைகளின் முகங்களை ஆராய்ந்து, 2014-ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஆராய்ச்சியாளர்கள் ஆறு குறிகளைத் தொகுத்து வெளியிட்டார்கள். காதுகள் விறைத்துப் பின்னோக்கித் திரும்பும். கண் இமைகள் பாதி மூடி இறுகும். கண்ணுக்கு மேலுள்ள பகுதி இறுகி எலும்பு எடுப்பாகத் தெரியும். தாடைத் தசை புடைக்கும். வாய் இறுகி மோவாய் துருத்தும். மூக்குத் துவாரங்கள் விறைக்கும். லாயத்துக் கதவருகே ஓசைப்படாமல் நின்று பார்த்தால் இவற்றைக் காணலாம். ஆள் வந்ததை அறிந்ததும் குதிரை முகத்தை மாற்றிக் கொள்ளக்கூடும் என்பதால், ஓசைப்படாமல் நிற்பது அவசியம்.

சவாரியின் போது தெரியும் குறிகள் வேறு. டாக்டர் சூ டைசன் என்னும் பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர் 24 நடத்தைகளைப் பட்டியலிட்டார். காதைப் பின்னால் மடித்தே வைத்திருப்பது, வாயைத் திறந்து திறந்து மூடுவது, வாலை ஓயாமல் அடிப்பது, தலையைச் சாய்ப்பது, அடிக்கடி தடுமாறுவது, முன்னே போக மறுப்பது போன்றவை அவை. எட்டும் அதற்கு மேலும் தென்பட்டால், அந்தக் குதிரைக்கு எலும்பிலோ தசையிலோ வலி இருக்க வாய்ப்பு மிகுதி என்பது அவர் கண்ட முடிவு. பிரம்பை எடுப்பதற்கு முன் இந்தப் பட்டியலை நினைத்துக் கொள்வது நல்லது.

இன்னும் உறுதி வேண்டுமானால் எண்ணிப் பாருங்கள். அமைதியாக நிற்கும் வளர்ந்த குதிரைக்கு நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். மூச்சு 8 முதல் 16. உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ். ஓடாமல் நின்ற குதிரைக்கு நாடி 60-ஐத் தாண்டினால் விளையாட்டுக் காரியமல்ல; உடனே மருத்துவரை அழைக்க வேண்டும்.

வயிற்றுச் சூலை: காத்திருக்கக் கூடாத வலி

குதிரைக்கு வரும் வலிகளில் மிகவும் அஞ்ச வேண்டியது வயிற்றுச் சூலை. முன்காலால் தரையைப் பறிக்கும், விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், மேலுதட்டைச் சுருட்டும், படுத்துப் புரளும், வேர்த்துக் கொட்டும். நாளொன்றுக்கு 8 முதல் 12 முறை லத்தி போடும் குதிரை, அதை நிறுத்திவிடும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது என்பதை மறந்துவிடாதீர்கள். வயிற்றில் சேர்ந்த வாயுவும் தீனியும் வந்த வழியே திரும்ப வழியில்லை. அடைப்பு முற்றினால் இரைப்பை வெடித்தும் போகலாம்.

செய்ய வேண்டியது இதுதான். தீனியை எடுத்து விடுங்கள். எத்தனை மணிக்கு அறிகுறி தொடங்கியது, கடைசியாக எப்போது லத்தி போட்டது, நாடி எவ்வளவு என்று எழுதிக் கொள்ளுங்கள். மருத்துவரை அழையுங்கள். அவர் வரும் வரை மெதுவாக நடத்தலாம். களைக்கும்படி மணிக்கணக்கில் இழுத்துக்கொண்டு திரியக் கூடாது. மருத்துவரைக் கேட்காமல் வலி மருந்து கொடுக்கவும் கூடாது. கொடுத்துவிட்டால், என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். குடல் முறுக்கிக் கொண்டிருக்கும் குதிரைக்கு வலி மட்டும் அடங்கினால், அறுவை மருத்துவத்துக்கு உரிய நேரம் வீணாகிவிடும்.

மருந்து: நண்பனா, முகமூடியா?

குதிரை லாயங்களில் 'பியூட்' என்ற சொல்லைக் கேட்டிருப்பீர்கள். ஃபினைல்பியூட்டசோன் என்பதன் சுருக்கம் அது. 1949-ஆம் ஆண்டில் மனிதரின் மூட்டுவாதத்துக்காக வந்த மருந்து. சிலருக்கு இரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜையையே அது கெடுத்ததால், மனிதருக்குக் கொடுப்பது பெரும்பாலும் கைவிடப்பட்டது. குதிரைகளுக்கு இன்றும் அது பயன்படுகிறது. ஆகவே அதைத் தீனியில் கலக்கும் தொழிலாளர்கள் கையுறை போட்டுக் கொள்ள வேண்டும். பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

வீக்கத்தையும் வலியையும் தணிப்பதில் அது நல்ல மருந்துதான். ஆனால் அளவு மீறினால், அல்லது நெடுநாள் கொடுத்தால், இரைப்பையிலும் பெருங்குடலிலும் புண் உண்டாகும், சிறுநீரகம் கெடும். உடலில் நீர் வற்றியிருக்கும் குதிரைக்கு அபாயம் இன்னும் அதிகம். இதே இனத்தைச் சேர்ந்த இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் பலன் இரட்டிப்பாவதில்லை, கேடுதான் இரட்டிப்பாகும். வீட்டு அலமாரியில் இருக்கும் மனிதர் மாத்திரைகளைக் குதிரைக்குக் கொடுக்கவே கூடாது.

இங்கே ஓர் ஒழுக்கம் இருக்கிறது. வலி மருந்து குதிரை ஆறுவதற்காகக் கொடுப்பது; அன்று மாலை சவாரிக்கு அனுப்புவதற்காகக் கொடுப்பதன்று. வலி என்பது 'இந்தக் காலை ஊன்றாதே' என்று உடம்பு விடுக்கும் எச்சரிக்கை. எச்சரிக்கையை மறைத்துவிட்டு ஓட விட்டால், தசைநாணில் இருந்த சிறு கிழிசல் முழுவதும் அறுந்து போகும். மேலே அமர்ந்திருக்கும் பிள்ளையும் விழும்.

ஓய்வும் ஒரு மருத்துவம்

முன்னங்காலின் பின்புறத்தில் ஓடும் தசைநாண் கிழிந்துபோவது சவாரிக் குதிரைகளிடம் அடிக்கடி காணப்படும் காயம். முதல் சில நாட்களுக்கு ஒவ்வொரு முறையும் 20 நிமிடம் குளிர்நீரோ பனிக்கட்டி ஒத்தடமோ கொடுத்துக் கட்டுப் போடுவார்கள். ஓரிரு வாரத்தில் வீக்கம் வடியும். சில வாரங்களில் நொண்டலும் மறையும். ஏமாற்றம் இங்கேதான் தொடங்குகிறது. வலி போய்விட்டது, தசைநாணோ இன்னும் ஆறவில்லை. அது வலுப்பெற 9 மாதம் முதல் ஓராண்டு வரை, சில வேளைகளில் அதற்கு மேலும் ஆகும்.

அந்தக் காலம் முழுவதும் கட்டிப் போட்டு வைப்பதும் தவறு. மருத்துவர் சொன்ன நாளிலிருந்து, கையில் பிடித்துக்கொண்டு 10 நிமிட நடை. பிறகு வாரா வாரம் சிறிது சிறிதாகக் கூட்டுவது. சில மாதங்கள் கழித்துத்தான் துள்ளு நடை. நாலுகால் பாய்ச்சல் எல்லாவற்றுக்கும் கடைசியில். ஒவ்வொரு படிக்கும் முன்னர் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது உத்தமம். லாயத்தில் நிற்கும் குதிரைக்கு இன்னொரு குதிரை கண்ணில் படும்படி இருக்க வேண்டும். அது கூட்டமாக வாழும் பிராணி. தனிமை அதற்குத் தண்டனை.

குதிரை நெடுநாள் படுக்கையில் கிடந்து ஆறக்கூடியதன்று. சுமார் அரை டன் எடையை நான்கு குளம்புகளில் தாங்கி நிற்கும் உடம்பு அது. இதை உலகமே கண்டது. 2006-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கென்டக்கி டெர்பியை வென்ற பார்பரோ என்ற குதிரை, அதே ஆண்டு மே 20-ஆம் நாள் பால்டிமோரில் ஓடிய அடுத்த பந்தயத்தில் வலது பின்னங்காலை முறித்துக் கொண்டது. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனையில் எஃகுத் தகட்டையும் 27 திருகாணிகளையும் வைத்து எலும்பைச் சேர்த்தார்கள். மயக்கம் தெளியும்போது உதறிக் காலை மீண்டும் முறித்துக் கொள்ளாமலிருக்க, நீர்த்தொட்டியில் மிதக்க விட்டார்கள். முறிந்த கால் ஆறி வந்தது. ஆனால் அதன் பாரத்தையும் சேர்த்துச் சுமந்த இடது பின்னங்காலில், ஜூலை மாதத்தில் குளம்பு அழற்சி கண்டது. 2007 ஜனவரி 29-ஆம் நாள், இனி வலியைத் தணிக்க வழியில்லை என்ற நிலையில் அதைக் கருணையோடு உறங்க வைத்தார்கள்.

குளம்பு அழற்சி என்பது என்ன? குளம்பின் உள்ளே ஓர் எலும்பு உண்டு. நூற்றுக்கணக்கான மெல்லிய மடிப்புகள் அந்த எலும்பைக் குளம்பின் சுவரோடு பிணைத்துத் தொங்கவிட்டிருக்கின்றன. அந்தப் பிணைப்பு அழன்று தளர்ந்தால் எலும்பு கீழே இறங்கும். நகக்கண்ணில் முள் ஏறியவருக்குத்தான் அந்த நோவு ஓரளவு புரியும். முன்குளம்புகளில் கண்டால் குதிரை முன்காலை நீட்டிப் பின்னால் சாய்ந்து நிற்கும், குளம்பு சுடும், கணுக்காலருகே நாடி துள்ளும். நல்ல காலுக்குப் பாரம் ஏறுவதனால் மட்டுமன்றி, மாவுத் தீனியை அளவின்றித் தின்பதாலும், உடல் கொழுப்பதாலும் இது வரும். ஆரம்பத்திலேயே கண்டு, மருத்துவர் சொன்னபடி காலைப் பனிநீரில் வைத்துக் காப்பாற்றுவதுண்டு.

தீனி: பானை சிறியது, அடுப்பு அணையாதது

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ ஒரு வேதனையான செய்தியை எழுதி வைத்திருக்கிறார். அரபு நாட்டிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகளைப் பெரும் பொருள் கொடுத்து மன்னர்கள் வாங்கினார்கள். ஆண்டு முடிவதற்குள் பெரும்பாலானவை மடிந்தன. குதிரை வைத்தியம் அறிந்தவர் அங்கே இல்லை. குதிரைக்கு இறைச்சியும் சோறும் சமைத்துப் போட்டார்கள் என்கிறார் அவர். நகுலனை அசுவ சாஸ்திரம் அறிந்தவன் என்று போற்றும் கதையைக் கேட்டு வளர்ந்த மக்களின் நாட்டில் இது நடந்தது. அன்பு குறைவாலன்று, நாம் உண்பது அதற்கும் நல்லது என்று எண்ணியதால் நேர்ந்த கேடு.

குதிரையின் இரைப்பை அதன் உடம்போடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. 8 முதல் 15 லிட்டர் கொள்ளும். ஆனால் அதில் அமிலம் இரவும் பகலும் சுரந்து கொண்டே இருக்கும். அமிலத்தைத் தணிப்பது உமிழ்நீர். குதிரைக்கு மென்றால்தான் உமிழ்நீர் ஊறும். ஆகவே, வெறும் வயிற்றோடு நெடுநேரம் நிற்கும் குதிரைக்குக் குடற்புண் வருவது வியப்பன்று. பந்தயக் குதிரைகளில் பாதிக்கு மேற்பட்டவற்றுக்கு இந்தப் புண் இருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. சவாரிக்கு முன்னர் சிறிது உலர்புல் கொடுப்பது இதற்கு நல்ல காப்பு.

புல்லின் நார் செரிப்பது பின்குடலில். அங்கே வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்கள்தாம் அதைச் சமைக்கின்றன. திடீரென்று தானியத்தை அள்ளிப் போட்டால், செரிக்காத மாவு பின்குடலுக்குப் போய்ப் புளிக்கும். நல்ல நுண்ணுயிர்கள் மடியும். சூலையும் குளம்பு அழற்சியும் வரும். எனவே எந்தத் தீனி மாற்றத்தையும் 7 முதல் 14 நாட்களில் படிப்படியாகச் செய்ய வேண்டும்.

எவ்வளவு போடுவது? அதற்கு முதலில் எடை தெரிய வேண்டும். எடைத்தட்டு இல்லாவிட்டாலும் ஓர் அளவு நாடாவும் கணக்கும் போதும். முன்கால்களுக்குப் பின்னால் மார்பின் சுற்றளவை அளந்து, அதை அதனாலேயே பெருக்குங்கள். தோள் முனையிலிருந்து பிட்டத்து முனை வரை உள்ள நீளத்தால் மீண்டும் பெருக்குங்கள். அளவுகள் சென்டிமீட்டரில் இருக்கட்டும். வந்ததை 11,880-ஆல் வகுத்தால் ஏறத்தாழ எடை கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 180, நீளம் 165 என்றால் எடை 450 கிலோ. இந்தக் கணக்கை வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள், ஆர்வத்தோடு செய்வார்கள்.

450 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்குக் குறைந்தது சுமார் 8 கிலோ உலர்புல் வேண்டும். 9 கிலோ இருந்தால் நல்லது. பச்சைப் புல்லில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் அது பல மடங்கு வேண்டும். ஓட்ஸ் போன்ற தானியத்தை ஒரு வேளைக்கு 2 கிலோவுக்கு மேல் போடக் கூடாது. தண்ணீர் சும்மா நிற்கும் நாளிலேயே 25 லிட்டருக்குக் குறையாது. வெயிலில் உழைத்தால் இரண்டு மடங்கும் ஆகும். இயந்திரத்தால் வெட்டிக் குவித்த பசும்புல்லைக் கொட்டாதீர்கள். அது விரைவில் புளித்துச் சூடேறும். மெல்லாமல் விழுங்கவும் செய்யும்.

தவிடு நல்லது என்று வாளி வாளியாகப் போடுகிறவர்கள் உண்டு. தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் குறைவு. செட்டாரியா போன்ற வெப்பநாட்டுப் புல் வகைகளிலோ, கால்சியத்தை உடம்பில் சேரவிடாத ஆக்சலேட் என்னும் பொருள் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால், உடம்பு தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுக்கத் தொடங்கும். முக எலும்பு வீங்கும். கால் மாறி மாறி நொண்டும். குதிரை மசால் கலந்து கொடுப்பதும், மருத்துவரைக் கேட்டுக் கால்சியம் சேர்ப்பதும் இதற்குப் பரிகாரம்.

காயம்பட்டு லாயத்தில் ஓய்வெடுக்கும் குதிரைக்குத் தானியத்தை வெகுவாகக் குறைக்க வேண்டும். புல்லைக் குறைக்கக் கூடாது. சிறு கண் வலைப்பையில் புல்லைத் தொங்கவிட்டால் நெடுநேரம் மென்று கொண்டிருக்கும். அதுவே அதற்குப் பொழுதுபோக்கு, அதுவே வயிற்றுக்கும் மருந்து.

பட்டினி கிடந்து எலும்பும் தோலுமான குதிரையைக் கண்டால் நம் மனம் பதறும்; ஒரு வாளித் தானியத்தை வைக்கத் தோன்றும். அந்த இரக்கமே அதைக் கொன்றுவிடலாம். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்து ஆராய்ச்சியாளர்கள் கண்ட முறை வேறு: முதல் மூன்று நாட்களுக்கு நான்கு மணிக்கு ஒரு முறை, சுமார் அரைக் கிலோ உலர்ந்த குதிரை மசால் மட்டும், அதன்பின் மெல்ல மெல்ல ஏற்றி, பத்து நாட்களில் வழக்கமான அளவுக்குக் கொண்டுவர வேண்டும்.

நம் நாட்டு வெயிலும் குதிரையும்

குளிர்நாடுகளில் பிறந்து இங்கே வரும் குதிரைகள் சிலவற்றுக்கு, சில மாதங்களிலோ ஆண்டுகளிலோ வியர்வையே நின்று போகும். உடம்பு காய்ந்திருக்கும்; மூக்கு விரியும்; நாயைப் போல் இரைக்கும். சோம்பல் என்று எண்ணி விரட்டினால் உயிருக்கே ஆபத்து. இதற்கு உறுதியான மருந்து இல்லை. விடியற்காலையில் மட்டும் வேலை, நிழல், காற்றாடி, உப்பு, குளிர்ந்த நீர் இவைதாம் துணை.

வேர்க்கும் குதிரைக்கோ உப்பு இழப்பு அதிகம். அதன் வியர்வை நம் வியர்வையைவிட உப்பானது. கடும் வெயிலில் கடுமையாக உழைத்தால் ஒரு மணி நேரத்தில் 10 லிட்டர் வரை வேர்க்கும். நாளும் 30 கிராம் அளவு உப்பு, வேர்த்த நாளில் அதற்கு மேல், பக்கத்திலேயே தண்ணீர் என்று இருக்க வேண்டும். 'சூட்டுடம்பில் குளிர்நீர் ஊற்றினால் தசை பிடித்துக் கொள்ளும்' என்று பலர் அஞ்சினார்கள். 1996-ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கை ஒட்டி நடந்த ஆய்வுகள் அந்த அச்சத்தைப் போக்கிவிட்டன. சூடேறிய குதிரைக்கு உடம்பு முழுவதும் குளிர்நீரை நிறுத்தாமல் ஊற்றுவதே உயிர்காக்கும் வழி.

கண்டவர் சொல்ல வேண்டும்; உடையவர் கேட்க வேண்டும்

குதிரை சொந்தக்காரருக்கு உரியது. மருந்து மருத்துவருக்கு உரியது. ஆனால் அதிகாலையில் லாயத்தைத் திறந்து, நேற்றுப் போட்ட தீனி மிச்சமிருப்பதையும், லத்தி குறைந்திருப்பதையும், ஒரு காலை மட்டும் தளர்த்தி நிற்பதையும் முதலில் காண்பவர் அங்கே வேலை செய்யும் சைஸ்தான். 'நமக்கேன் வம்பு' என்று அவர் வாய்மூடினாலும், 'உனக்கென்ன தெரியும்' என்று முதலாளி அவர் வாயை அடைத்தாலும், துன்பப்படுவது வாயில்லா ஜீவன்.

ஆகவே அங்கே வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வைத்துக் கொள்ளுங்கள். நாள், தின்ற அளவு, குடித்த தண்ணீர், லத்தி, நாடி, வெப்பம், கொடுத்த மருந்து என்று தினமும் நான்கு வரி எழுதுங்கள். தமிழில் எழுதினாலும் போதும். 'எனக்கு என்னமோ தோன்றுகிறது ஐயா' என்று சொன்னால் கேளாதவரும், 'மூன்று நாளாகத் தண்ணீர் பாதிதான் குடிக்கிறது. நாடி 52' என்று எழுதிக் காட்டினால் கேட்பார்.

முதலாளிமார்களுக்கும், பிள்ளைகளைச் சவாரிக்கு அனுப்பும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. 'இன்றைக்கு இந்தக் குதிரை வேண்டாம்' என்று லாயத்துத் தொழிலாளி சொன்னால், ஒரு நாள் சவாரி போனாலும் போகட்டும் என்று கேட்டுக் கொள்ளுங்கள். உங்கள் பிள்ளை ஏறி அமர்வது அந்த முதுகில்தானே!